முனை செய்த வினை

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பூகோள உபாத்தியாயர். எழுத்து ஒவ்வொன்றும் அச்சுக் கோத்தாற்போல் இருந்தது. என் தொடர்கதையின் ஏழாவது அத்தியாயத்தில் கதாநாயகன் எண்ணூருக்குப் போய், முனையின் மேல் ஏறி நின்று கடலைப் பார்த்ததாக நான் எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் அவருக்கு அன்றைக்குக் காலைக் காப்பி கசந்துவிட்டதாம். "ஐயா, தாங்கள் எந்தப் பள்ளியில் பூகோளம் படித்தீர்கள்? கோவளத்துக்கு வடக்கே பழவேற்காடு வரையில் எங்காவது முனை என்று ஒன்று உண்டா? நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிற கரை ஐயா அது! கதை எழுதுகிறவர்கள் மனிதர்களை இஷ்டம்போல் உண்டாக்கிக்கொள்ளட்டும், தயவுசெய்து நிலத்தை உண்டாக்க வேண்டாம்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. நான் கல்லூரி வாசலை இரண்டு வருஷம் மிதித்துவிட்டுத் திரும்பியவன். பூகோளத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே சொல்வதாக இல்லை. ஆகவே உடனே பதில் எழுதாமல் சில புத்தகங்களைப் புரட்டினேன். அதுவும் போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, திருவொற்றியூரில் ஒருமுறையும் அத்திப்பட்டில் ஒருமுறையும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தபிறகு எனக்குத் தெளிவாயிற்று: அவர் சொன்ன பூகோளம் சரி, நான் எழுதிய வாக்கியமும் சரி. இரண்டும் ஒருங்கே எப்படிச் சரியாக இருக்கும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். நிலத்தை உண்டாக்கிய குற்றம் என்னுடையது அல்ல. அதைச் செய்தவர்கள் வேறே. அவர்கள் நூற்று ஐம்பது வருஷமாக அதற்குக் கணக்குச் சொல்லாமலே இருக்கிறார்கள்.

முனை என்றால் என்ன? கரை தன் மூக்கைக் கடலுக்குள் நீட்டினால் அது முனை. கன்னியாகுமரி பாறையால் ஆன முனை. மணப்பாட்டில் ஒரு குன்று கடலுக்குள் நீண்டு, தலையில் ஒரு கோயிலையும் சுமந்துகொண்டு நிற்கிறது. கோடியக்கரையோ மணலால் ஆனது. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வந்த கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. தனுஷ்கோடியும் மணல்தான், 1964 டிசம்பரில் புயல் வந்து ரயிலையும் ஊரையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு போனதை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. முனை இருக்கும் இடத்தில் கப்பலுக்கு ஒதுங்க நிழல் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மணல் சேரும். மறு பக்கத்தில் குறையும். இயற்கை போட்ட முனைகள் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பல்லாயிரம் வருஷங்களில் தீர்த்துக்கொண்டு அமைதியாகிவிட்டன.

சென்னைக் கரைக்கு அப்படி ஒரு முனை கிடையாது. உபாத்தியாயர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த இடத்தைக் கேட்டு வாங்கியபோது இங்கே இருந்தது கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. 1746 அக்டோபரில் அடித்த புயலில், சென்னையைப் பிடித்துவைத்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை சின்னாபின்னமாயிற்று. ஒதுங்க இடமில்லாத கரை இது. கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் நம் படகோட்டிகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், மூன்று வரிசை அலைகளையும் தாண்டி, கவர்னர் துரைகளைக்கூட நனைத்தும் நனைக்காமலும் கரை சேர்த்தார்கள். அந்தப் படகோட்டிகள் தங்கள் காசில் கட்டிய புனித பேதுரு ஆலயம் 1829 முதல் ராயபுரத்தில் நிற்கிறது. பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். ஊருக்குப் பெயரும் அவரால் வந்ததே.

இந்தக் கரையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு ஓடுகிறது. அது மணலாறு. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலைச் சற்று வடக்கே தள்ளிவிட்டுப் போகிறது. வாடைக் காலத்தில் அலைகள் வடகிழக்கிலிருந்து வந்து கொஞ்சத்தைத் தெற்கே திருப்பித் தள்ளுகின்றன. ஆனால் வருஷ முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். அதுவும் இலட்சக்கணக்கான கன மீட்டர். மயிலாப்பூர்க் கரைக்கு வந்த மணல் அங்கே தங்குவதில்லை. அது ராயபுரத்துக்கும், திருவொற்றியூருக்கும், எண்ணூருக்கும், பழவேற்காட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிற வழிப்போக்கன். ஒவ்வோர் ஊரும் தெற்கிலிருந்து வாங்கி வடக்கே கொடுத்தது. கரை நிலையாக நின்றதற்குக் காரணம் அங்கே மணல் இருந்ததல்ல. மணல் போய்க்கொண்டே இருந்தது.

இந்த ஆற்றின் குறுக்கேதான் 1875-இல் கல்லைப் போட ஆரம்பித்தார்கள். வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு கல் கைகள் நீண்டன. 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் வந்து அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். உபாத்தியாயர் அவர்களே, இதுதான் நான் சொல்லும் முனை! இயற்கை மறந்துபோனதை இங்கிலீஷ்காரர்கள் நினைவு வைத்துக்கொண்டு கட்டினார்கள். பள்ளிக்கூடப் படத்தில் அதைத் 'துறைமுகம்' என்று எழுதியிருக்கும். மணலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பாறையோ, கான்கிரீட்டோ, குறுக்கே நின்றால் அதற்கு முனைதான்.

தெற்கிலிருந்து வந்த மணல் அந்தக் கையில் மோதி நின்றது. நின்றது நின்றபடியே குவிந்தது. ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு வெகு அருகில் அலை அடித்தது. இன்று மதிலிலிருந்து அலையைத் தேடிக்கொண்டு போகவேண்டும். கோட்டைக்குத் தெற்கே மணல் பரப்பு விரிந்துகொண்டே போயிற்று. 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை அதன் ஓரமாக உலாவும் சாலை போட்டு, மெரீனா என்று இத்தாலியப் பெயர் சூட்டினார். அன்று முதல் நாம் அந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம், காதல் செய்கிறோம், கூட்டம் போடுகிறோம், தலைவர்களுக்குச் சமாதி எழுப்புகிறோம். நானும் என் கதைகளில் எத்தனை ஜோடிகளை அங்கே உட்கார வைத்திருக்கிறேன்! ஒரு தடவையாவது அவர்கள் உட்கார்ந்திருக்கும் மணலில் பெரும்பகுதி வேறோர் ஊருக்குப் போகவேண்டியது என்று எழுதினேனா? இல்லை. எனக்கே தெரியாது.

தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1904-இல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே இருந்த வாசலில் மணல் தூர்ந்துகொண்டே வருவதைக் கண்டு அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் வைத்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகர்வதைப் பற்றி லண்டனில் இருந்த பொறியாளர் கழகத்துக்குக் கட்டுரையே எழுதினார். 1912-இல் அதே அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர் பெயர் ராமானுஜன். உலகத்திலேயே பெரிய கணித மேதை உட்கார்ந்து எழுதிய அந்தப் பேரேட்டில் கப்பலின் வரவு உண்டு, சரக்கின் வரவு உண்டு. வடக்கே போகாமல் நின்றுபோன மணலை யார் பெயரில் பற்று எழுதுவது என்ற பேச்சு மட்டும் கிடையாது. தெற்கே குவிந்ததை வரவு வைத்துக்கொண்டோம். வடக்கே குறைந்ததற்குக் 'கடல் அரிப்பு' என்று பெயர் வைத்தோம்.

இந்தப் பெயர்மேல்தான் எனக்குக் கோபம். எழுதுகிறவனுக்குச் சொல்தான் ஆயுதம். ஆகவே ஒரு சொல் பொய் சொன்னால் முதலில் அவனுக்குத்தான் உறைக்க வேண்டும். 'கடல் சீற்றம்', 'கடல் அரிப்பு', 'கடல் ஊருக்குள் புகுந்தது' என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். எல்லா வாக்கியத்திலும் எழுவாய் கடல். கடல்தான் வில்லன். நம் நாடகங்களில் வேலைக்காரன்மேல் திருட்டுப் பழி போடுவார்களே, அதைப் போல! பெட்டியைத் திறந்த சாவி எஜமானர் இடுப்பில் இருக்கிறது. அடி மட்டும் வேலைக்காரன் முதுகில் விழுகிறது. அலை நேற்றும் அடித்தது, இன்றும் அடிக்கிறது. அது எடுத்துப் போகிற மணலுக்குப் பதில் மணல் தெற்கிலிருந்து வந்தவரை கரை தேயவில்லை. வரவு நின்றது, தேய்ந்தது. இதில் சீற்றம் எங்கே இருக்கிறது?

திருவொற்றியூரில் இறங்கிக் கடலோரமாக நடந்தேன். பட்டினத்தார் அடங்கிய இடம் அங்கே கரைமீது இருக்கிறது. உலகத்தையே வேண்டாம் என்றவருக்குக்கூட அங்கே இன்று கருங்கல் தடுப்பு தேவைப்படுகிறது. மணற்கரை என்று சொல்ல அநேக இடங்களில் ஒன்றும் இல்லை. சாலை, சாலையை ஒட்டிப் பாறாங்கற்கள், பாறாங்கல்லில் அலை. கற்களின் மேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, கடல் இவ்வளவு கிட்ட வந்துவிட்டதே?"

அவர் தலை நிமிரவில்லை. "கடலு வந்துச்சா? நாங்கதான் கடலுகிட்டப் போயி குடிசை போட்டோம்னு ஆபீசருங்க சொல்றாங்க சார். எங்க தாத்தா வீடு அதோ அங்க இருந்துச்சு" என்று ஊசியால் சுட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஓர் அலை எழுந்து, மடிந்து, நுரைத்தது.

அந்தக் கற்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, சாலையைக் காப்பாற்ற வருஷக்கணக்காகக் கல் கொட்டியிருக்கிறார்கள். கடலுக்குள் குட்டிக் குட்டியாகத் தடுப்புக் கைகளும் நீட்டியிருக்கிறார்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு குட்டி முனை. தன் காலடியில் கொஞ்சம் மணலைப் பிடித்துக்கொள்ளும். தனக்கு வடக்கே இருக்கிற ஊருக்குப் பசியைத் தள்ளிவிடும். ஒருவன் பட்டினியை அடுத்தவன் வீட்டுக்கு மாற்றிவைக்கும் இந்த வேலைக்குத்தான் 'கரைப் பாதுகாப்பு' என்று பெயர். அப்படித் தள்ளிக்கொண்டே போனால் கடைசி வீடு எது? அதைப் பார்க்கத்தான் மறுபடியும் ரயிலேறினேன்.

எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தின் மேல் போகிறது. கீழே கொசஸ்தலை ஆறு, கடலுக்குப் போகும் அவசரமில்லாமல் பரந்து கிடக்கிறது. பூண்டியைத் தாண்டி வருகிற வெள்ளமும், செங்குன்றத்திலிருந்து வழிகிற வெள்ளமும் இங்கே வந்துதான் மூச்சு விடுகின்றன. மழைக்காலத்தில் சென்னையின் வடபாதி மூழ்காமல் இருக்க இந்த நீர்ப்பரப்பு வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும். பாலத்துக்கு அப்பால் அத்திப்பட்டுப் புதுநகர், பிறகு அத்திப்பட்டு. அத்தி மரத்தை வைத்துப் பெயர் வந்த ஊர் போலிருக்கிறது. நான் அத்தி மரத்தைக் காணவில்லை. புகைக் கூண்டைக் கண்டேன். வடசென்னை அனல் மின் நிலையம் இங்கேதான் 1994 முதல் ஓடுகிறது. 1996-க்குள் 210 மெகாவாட் கொண்ட மூன்று யந்திரங்கள். பிறகு 600 மெகாவாட் கொண்ட இரண்டு. அப்புறம் 2024-இல் 800 மெகாவாட் கொண்ட இன்னொன்று. பக்கத்தில் வல்லூரில் 500 மெகாவாட் வீதம் மூன்று. ஆற்றுக்குத் தெற்கே 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டது.

நம் நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியில் ஒழுகியது ஆற்றில் இருக்கிறது. "காலை வெச்சா முழங்கால் வரைக்கும் சாம்பல் சார். எறா கண்ணுக்குத் தெரியணும்னா மொதல்ல சாம்பலு வழி விடணும்" என்றார் கரையில் நின்ற ஒருவர். முன்பு உப்பு விளைந்த பாத்திகள் பலவற்றில் இன்று நிலக்கரித் தூசி விளைகிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து இந்த முகத்துவாரத்தையே கறுப்பாக்கியது. இவையெல்லாம் பத்திரிகையில் வந்தவை. பத்து நாள் பேசினோம், மறந்தோம்.

ஆனால் எண்ணெயைவிட, சாம்பலைவிட மெதுவாகவும் நிச்சயமாகவும் வேலை செய்கிற ஒன்று இங்கே இருக்கிறது; அதைப் பத்திரிகை எழுதுவதில்லை. மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்க 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014 முதல் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதற்கு வடக்கே ஒட்டினாற்போல் 2013 முதல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 2018-இல் அதானி நிறுவனம் வாங்கியது. எண்ணூர்த் துறைமுகத்தின் வடக்குக் கை மட்டும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். சென்னையில் 1875-இல் போட்ட முனைக்குத் தம்பிகள் பிறந்துவிட்டார்கள். அண்ணனைவிடப் பலசாலித் தம்பிகள். அதே கரை, அதே மணலாறு, அதே பாடம். தெற்கே மணல் குவிகிறது, முகத்துவாரம் தூர்கிறது. வடக்கே கரை தேய்கிறது.

இந்த இடத்தில் படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். காட்டுப்பள்ளி என்பது ஊர் மட்டுமல்ல. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காட்டு முகத்துவாரம் வரை வடக்கே நீண்டு கிடக்கிற ஒரு மணல் நாடா. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும். அந்த நாடாவின் வட கோடியில் பழவேற்காட்டு ஏரி. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பு நீர் ஏரி அது. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டியபோது சென்னை என்று ஒரு பட்டணம் கிடையாது. அந்த ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறையால் மீனவர்கள் தாமே பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மதில் இந்த மணல்தான். அது செங்கல்லால் ஆனதல்ல. தெற்கிலிருந்து வரும் மணலைத் தின்று உயிர் வாழ்கிற மதில். அதன் வாய்க்கு எதிரே முனையைப் போட்டுவிட்டு, காளாஞ்சியிலும் கருங்காலியிலும் சாலை உடைந்தால் மறுபடியும் 'கடல் சீற்றம்' என்று எழுதப்போகிறோம்.

இது போதாதென்று, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பெரிதாக்க ஒரு திட்டம் போடப்பட்டது. அந்த ஏக்கர்களில் ஒரு பகுதியைக் கடலையே தூர்த்து எடுத்துக்கொள்வதாக யோசனை. 2021 ஜனவரியில் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கக் கூட்டம் அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். திட்டத்தை ஒருவர் வாபஸ் வாங்கினாலும் வேறொருவர் வேறு பெயரில் எடுத்து வருவார். ஆகவே நான் ஒரு திட்டத்தோடு சண்டை போடவில்லை. முனை போடுகிறவன் அதன் நிழலில் இருக்கிறவனைக் கேட்கவேண்டியதில்லை என்கிற பழக்கத்தோடு சண்டை போடுகிறேன்.

இங்கே சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "ஓய், மின்சார விளக்கின் கீழே உட்கார்ந்துதானே இதை எழுதுகிறீர்? துறைமுகம் இல்லாமல் உம்முடைய பத்திரிகைக்குக் காகிதம் எப்படி வரும்?" நியாயமான கேள்வி. என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. அதில் அத்திப்பட்டுச் சாம்பல் ஒரு சிட்டிகை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துறைமுகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுமரத்தில் சரக்கு இறக்கும் காலத்துக்குத் திரும்புவோம் என்றும் சொல்லவில்லை. காற்று வாங்குகிறவன் கரண்டுப் பணம் கட்டவேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாம் வாங்கியது மின்சாரம். பணம் கட்டியவன் திருவொற்றியூர்ப் பெரியவரின் தாத்தா. அவர் வீட்டையே கட்டிவிட்டார். ரசீதுகூடக் கொடுக்கவில்லை.

கடனைத் தீர்க்க வழியில்லையா என்றால், இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தென்புறத்தில் பிடிபடும் மணலை வாரி, வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் என்று ஓர் ஆறு. அதன் வாயில் போட்ட தடுப்புச் சுவர் மணலை மறித்துவிட்டது என்பதற்காக, 2001 முதல் தெற்கே மணலை உறிஞ்சி, ஆற்றின் அடியாகக் குழாய் போட்டு வடகரைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கடலைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நம் பக்கத்து வீடான புதுச்சேரியில் 1989-இல் துறைமுகத்தின் கைகள் நீண்டன. அதன் பிறகு அந்த ஊரின் அழகிய மணற்கரை போய்க் கல் குவியல்தான் மிஞ்சிற்று. வெகு நாள் கழித்து, கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். ஆக, வியாதியும் தெரிந்ததுதான், மருந்தும் தெரிந்ததுதான். வடசென்னைக்கு மட்டும் ஏன் மருந்து இல்லை? அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் உலாவுகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள். இங்கே கல்லின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் வலை பின்னுகிறவர்கள். வேறு காரணம் சொல்ல யாருக்காவது முடியுமானால் கேட்கத் தயார்.

2001-இல் 'சிட்டிசன்' என்று ஒரு சினிமாப் படம் வந்தது. அதில் அத்திப்பட்டி என்ற மீனவ கிராமம் நாட்டின் படத்திலிருந்தே காணாமற்போய்விடும். அதற்குப் பிறகு, எந்த ஊருக்காவது ஆபத்து என்றால் 'இன்னொரு அத்திப்பட்டி' என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. நிஜமான அத்திப்பட்டு ரயில்வே அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதன் வாசலில் இருக்கிற கழிமுகத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டு ஒரு கடற்கரைப் படமே சர்க்கார் அலுவலகத்திலிருந்து வெளிவந்தது என்று 2017-இல் மீனவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் குற்றம் சாட்டினார்கள். ஆற்றைத் தூர்ப்பதற்கு முன்னால் படத்தில் தூர்த்துவிட்டால் வேலை சுலபம் அல்லவா? இல்லாத ஆற்றை எப்படிக் கெடுக்க முடியும்? கதாசிரியர்கள் நிலத்தை உண்டாக்கக்கூடாது என்று உபாத்தியாயர் என்னை எச்சரித்தார். சரி. நிலத்தையும் நீரையும் இல்லாமற்செய்கிறவர்களை யார் எச்சரிப்பது?

'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர்க்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவைத்த நிலம் என்பது அதன் பொருள். ஏரிக்கரை, ஆற்றங்கரை, மேய்ச்சல் வெளி, கடலோரம். அந்தச் சொல்லை நாம் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். அப்புறம், வசவுக்குரிய இடத்தில் சாம்பலைக் கொட்டினால் என்ன, எண்ணெயைக் கொட்டினால் என்ன? டி. எம். கிருஷ்ணா 2017-இல் இந்தச் சொல்லையே எடுத்துப் பாட்டாக்கி எண்ணூர்ச் சாம்பலின் நடுவே நின்று பாடினார். கர்நாடக சங்கீத ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. மெரீனாவில் காற்று வாங்கிவிட்டுச் சபாவுக்குப் போகிறவர்களுக்கு, காலில் ஒட்டிய மணல் யாருடையது என்று ஒருவர் சொன்னால் கூச்சமாகத்தானே இருக்கும்?

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. முதலாவது, பிள்ளைகளுடைய பூகோளப் புத்தகத்தில் கோடியக்கரை, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்ற மூன்று முனைகளையும் சேருங்கள். இயற்கை போட்டதல்ல, நாம் போட்டது என்று எழுதுங்கள். இரண்டாவது, புதிதாக ஒரு கல்லைக் கடலில் போடுமுன் பழைய கற்கள் நிறுத்திவைத்த மணலை வடக்கே அனுப்ப வழி செய்யுங்கள். அந்தச் செலவைத் துறைமுகத்தின் கணக்கில் எழுதுங்கள், மீனவன் கணக்கில் எழுதாதீர்கள். மூன்றாவது, 'கடல் அரிப்பு' என்று எழுதக் கை போகும்போது பத்திரிகைக்காரர்கள் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி எழுவாயைச் சரிபாருங்கள். இந்த மூன்றாவது காரியத்துக்கு ஒரு பைசாச் செலவில்லை.

கடைசியாக, அந்தப் பெரியவருக்கு நான் எழுதிய பதில்: "ஐயா, தங்கள் கண்டனத்துக்கு வணக்கம். தாங்கள் படித்த பூகோளத்தில் எண்ணூரில் முனை கிடையாது; தங்களுக்குப் பிறகு போட்டார்கள். அதன்மேல் கதாநாயகனை ஏற்றி நிறுத்தியது என் பிழை அல்ல. அவன் அங்கே நின்று கிழக்கே கடலை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவந்ததுதான் என் பிழை. புத்தகமாக வரும்போது அவனை வடக்கே திரும்பிப் பார்க்கச் செய்கிறேன்."

பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. அதே அச்சுப் போன்ற எழுத்து. அவர் பிறந்தது ராயபுரமாம். சின்ன வயதில் தாம் ஓடியாடிய மணல் எங்கே போயிற்று என்று எழுபது வருஷமாகக் கடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். இனித் தெற்கே பார்த்துத் திட்டுவதாக எழுதியிருந்தார்.